அம்மா தொலைத்த பொய்மீன்

எங்கள் வீட்டில் மாமாவுக்கு இருந்த மரியாதையைவிட அவருடைய பொய்மீனுக்கு இருந்த மரியாதை ஒரு படி அதிகம்.

மாமா அம்மாவின் தம்பி. கப்பலில் வேலை. ஒப்பந்தம் முடிந்து யாங்கோனுக்கு வந்தால், அடுத்த கப்பலுக்கு அழைப்பு வரும்வரை பபேடான் பகுதியில் எங்களோடுதான் தங்குவார். எனக்குச் சாக்லேட், அத்தா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கு அத்தர், அம்மாவுக்கு அவர் ஒருநாளும் கட்டிக்கொள்ளாத ஒரு கைக்கடிகாரம் என்று பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் தனக்கென்று வாங்கியதை வெளியே எடுப்பார். அது எப்போதும் தூண்டில் சாமானாகத்தான் இருக்கும்.

அந்த முறை வந்தது ஜப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய, விரல் நீள மீன். முதுகு கரும்பச்சை, வயிறு தங்க நிறம். கண் நிஜக்கண்போல ஈரமாக மின்னியது. வயிற்றுக்கடியில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மும்முனை முட்கள் தொங்கின. லேசாக ஆட்டினால் உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. நிஜ மீனென்று ஏமாந்து விரால் வந்து கவ்வும் என்று மாமா விளக்கியதிலிருந்து நாங்கள் அதைப் பொய்மீன் என்று கூப்பிட ஆரம்பித்தோம். என்ன விலை என்று அத்தா கேட்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஜப்பானில் அடிக்கும் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதிலிருந்தே விலை எப்படிப்பட்டது என்று அத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா மட்டும் தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லா வச்சிருக்கான்" என்றார்.

பொய்மீன் ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சுமேல் படுத்திருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மாமா டப்பாவைத் திறந்து காட்டினார். கைப்பேசியில் படம் எடுத்துக் கப்பல் நண்பர்களுக்கு அனுப்பினார். செய்யாத ஒன்று, அதைத் தண்ணீரில் போடுவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தாவின் பொத்தான் கடைக்கு விடுமுறை. எல்லாரும் பஸ் பிடித்து மாவ்பிக்குப் போவோம். அங்கிருந்து மூன்று சக்கர வண்டியில் கொஞ்ச தூரம் போனால், வயல்களுக்கு நடுவே ஒரு ஏரி. கரையில் ஓலைக் கூரை போட்ட தேநீர்க் கடை. கடைக்காரரை நாங்கள் ஊலே என்போம். பர்மியர்கள் மாமா முறை வைத்துக் கூப்பிடும் சொல் அது. அந்த ஏரியில் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மரம் மூழ்கிக் கிடந்தது. கிளைகளின் நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் அறுந்த தூண்டில் நரம்புகள் காற்றில் பறக்கும். யாங்கோனிலிருந்து வருகிற ஒவ்வொரு தூண்டில்காரனும் அந்த மரத்துக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று ஊலே சொல்வார். பெரிய விரால்கள் அங்கேதான் இருக்கும் என்றும் சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

மாமா ஒவ்வொரு ஞாயிறும் டப்பாவைத் திறப்பார். மரத்தைப் பார்ப்பார். "தண்ணி கலங்கலா இருக்கு" என்றோ "வெயில் ஏறிப்போச்சு" என்றோ சொல்லி மூடிவிட்டு, வேறு ஏதாவது மலிவான ஒன்றை நரம்பில் கட்டிக்கொள்வார். ஒரு ஞாயிறன்று ஊலே, அந்தச் சாமானை வீட்டு ஷோகேசில் வைத்துவிடலாமே என்று சிரித்துவிட்டார். ரோஷம் வந்து மாமா அன்றைக்குப் பொய்மீனைக் கட்டினார். கட்டினாரே தவிர, மரம் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ஒன்றுமே இல்லாத வெட்டவெளித் தண்ணீரில், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மெல்ல எறிந்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார்.

லுஹர் தொழுகை நேரம் வந்தது. அத்தாவும் மாமாவும் பாயை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளியிருந்த மாமரத்தடிக்குத் தொழப் போனார்கள். சோற்றுப் பானையை நாயிடமிருந்து காப்பாற்ற அம்மாவும் நானும் கரையில் இருந்தோம். பொய்மீனோடு மாமாவின் தூண்டில் கோல் ஒரு கல்லில் சாய்ந்திருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கையில் எடுத்தார்.

நான் பயந்துபோனேன். "ம்மா, மாமா திட்டும்" என்றேன்.

"வர்றதுக்குள்ள வச்சிடலாம் புள்ள."

முதல் எறிதல் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவதில் பொய்மீன் வெயிலில் ஒரு மின்னல் போலப் போய் மரத்தின் ஓரமாக விழுந்தது. மாமா இத்தனை வாரமாகத் துணியாத இடம். அம்மா ரீலைச் சுற்ற ஆரம்பித்ததும் அங்கே தண்ணீர் வெடித்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய கரிய முதுகு புரண்டது, வெள்ளை வயிறு தெரிந்தது, கோல் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "அல்லா" என்றார். மீன் நேராக மரத்துக்குள் போயிற்று. பட்டென்று ஒரு சத்தம். கோல் நிமிர்ந்தது. நரம்பு தளர்ந்து காற்றில் ஆடியது.

தொழுதுவிட்டு வந்த மாமா முதலில் பார்த்தது அந்த நரம்பைத்தான்.

"பெரிய மீனுடா தம்பி. கவ்விக்கிட்டு மரத்துக்குள்ள போயிடுச்சு" என்றார் அம்மா. அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மாமா தண்ணீரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். "லாத்தா, மரத்துல மாட்டி அறுத்துட்டேன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். மீனு கீனுன்னு எதுக்கு?" என்றார்.

எங்கள் ஆட்களில் அக்காவை லாத்தா என்பார்கள். மாமா எப்போதும் அந்தச் சொல்லைக் குழைந்து சொல்வார். அன்றைக்கு அதில் குழைவு இல்லை.

நான் பார்த்தேன் என்று சொன்னேன். எவ்வளவு பெரிசு என்று கையை விரித்தும் காட்டினேன். கை போதவில்லை. அத்தா என் தலையைத் தடவி, "அம்மா புள்ளைல்ல" என்றார். ஊலேயும் சிரித்தார். மரம் இன்றைக்கு ஜப்பான் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறது என்று பர்மியில் சொன்னார். பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து யாங்கோன் வரும்வரை காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த நாள்களில் அந்தக் கதை எங்கள் தெரு முழுக்கப் பரவியது. பரப்பியது அத்தாதான். அவர் கெட்டவர் இல்லை. கடையில் பொத்தானும் ஜிப்பும் விற்றுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நல்ல கதை கிடைத்தால் விடமுடியாது, அவ்வளவுதான். "நம்ம வீட்டுல ஒரு மரம் பிடிச்சாங்க தெரியுமா? எத்தனை வீசை இருக்கும்னு நிறுக்கத்தான் தராசு கிடைக்கல" என்பார். வந்தவர்கள் சிரித்துவிட்டு எங்கள் பால்கனியை அண்ணாந்து பார்ப்பார்கள். அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு எல்லாம் கேட்கும். ஒருநாள் அம்மாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்த ஒரு பெண்கூட, "உங்க மரம் எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அம்மா யாரிடமும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அழுதேன். எல்லாரையும் கூப்பிட்டுச் சத்தம் போடுங்கள் என்று அவருடைய தமேய்னைப் பிடித்து இழுத்தேன். அவர் இடுப்புத்துணியைச் சரிசெய்துகொண்டு, "உன் பழைய ரப்பர் செருப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அந்தச் செருப்பிலிருந்துதான் முதல் தவளை பிறந்தது. அம்மா துணி வெட்டும் கத்திரியால் ரப்பரைத் தவளை வடிவத்துக்கு வெட்டினார். விளிம்புகளைப் பிளேடால் உருட்டினார். திரைச்சீலையின் அடியில் பாரத்துக்குத் தைக்கும் ஈயக் குண்டு ஒன்றை வயிற்றுக்குள் வைத்து மூடினார். கடையிலிருந்து எடுத்துவந்த பட்டுக் குஞ்சத்தைப் பிரித்துப் பின்னங்கால்கள் வைத்தார். சின்ன கறுப்புப் பொத்தான்களில் கண். கண்ணுக்காகவே அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"மாமாவோட மீனுக்கு முள்ளு கீழ தொங்குதுல்ல? அதான் போற இடமெல்லாம் மாட்டும்" என்று எனக்கு விளக்கினார். "முள்ளு முதுகோட ஒட்டிப் படுத்திருந்தா மரத்துமேலயே தாவி வரும். மீனு கவ்வுனா ரப்பரு அமுங்கும். அப்பதான் முள்ளு வெளிய வரணும்."

சோதித்துப் பார்க்க எங்களுக்கு ஏரி ஏது? எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப் இருக்கும். பத்திரிகையும் காலையில் சாப்பிடும் மொஹிங்கா நூடுல்ஸும் அதில்தான் மேலே ஏறிவரும். அம்மா அந்தக் கிளிப்பில் முள் இல்லாத ஒரு தவளையை மாட்டிக் கீழே இறக்கினார். கயிற்றைச் சுண்டிச் சுண்டி விட்டார். தவளை நடைபாதையில் தத்தித் தத்திப் போயிற்று. கீழே தேநீர்க் கடை முக்காலிக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த பூனை ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு உடம்பைத் தரையோடு பதித்து, பின்பக்கத்தை ஆட்டி, ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. அம்மா இழுத்தார். பூனை விடவில்லை. கயிற்றோடு கொஞ்சம் மேலேயும் வந்துவிட்டது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அம்மா பூனையைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டு, "விரால் என்ன பூனையவிடக் கெட்டிக்காரனா?" என்றார். அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

மாமாவுக்குக் கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. அன்றைக்குக் கரையில் பாயை விரித்ததும் அம்மா அவரிடம் போய், "தம்பி, கோலைக் குடு" என்றார்.

அத்தா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மாமா பழைய கோலை எடுத்துக் கொடுத்தார். பொய்மீன் போன பிறகு அவருக்கு எந்தக் கோலும் ஒன்றுதான். அம்மா தோள்பையிலிருந்து தவளைகளை எடுத்துப் பாயில் வைத்தபோது ஊலே கடையை விட்டே வந்துவிட்டார். அக்கா, மரத்துக்கு மறுபடியும் பசிதான் என்றார்.

அம்மா முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு, மரத்துக்கு நேர் எதிரே போய் நின்றார்.

முதல் தவளை நன்றாகத்தான் போயிற்று. இரண்டு கிளைகள் சேருமிடத்தில் விழுந்து இறுகிவிட்டது. எவ்வளவோ ஆட்டிப் பார்த்தும் வரவில்லை, அறுந்தது. அத்தா தொடையில் தட்டிச் சிரித்தார். இரண்டாவது தவளை மரத்தைத் தொடாமலே திரும்பி வந்தது. அதற்கடுத்த வீச்சில் முடிச்சு நழுவி, தவளை மட்டும் தனியாகப் பறந்து போய்த் தண்ணீரில் மிதந்தது. என் செருப்பு இரண்டும் முடிந்தன. எனக்கு மாமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது.

அம்மா மூன்றாவதை எடுத்தார். அது பழுப்பு நிறமாகவும் கொஞ்சம் கோணலாகவும் இருந்தது.

அத்தாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "இது என் பாத்ரூம் செருப்புல்ல? வெள்ளிக்கிழமையிலேருந்து தேடிக்கிட்டு இருக்கேன்!"

அம்மா முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு எறிந்தார்.

தவளை மரத்தைத் தாண்டி விழுந்தது. அம்மா கயிற்றைச் சுண்டிய அதே கையால் கோலைச் சுண்டினார். தவளை ஒரு கிளைமேல் ஏறியது. தாவியது. இன்னொரு கிளையில் ஏறி ஒரு நொடி உட்கார்ந்தது. அம்மாவும் நிறுத்திவிட்டார். பிறகு மிக லேசாக ஒரு சுண்டல். தவளை கிளையிலிருந்து தண்ணீருக்குள் சொத்தென்று விழுந்தது.

தண்ணீர் வீங்கியது. தவளை இருந்த இடத்தில் ஒரு குழி விழுந்து மூடிக்கொண்டது.

"இழுங்க லாத்தா, இழுங்க!" என்று மாமா கத்தினார்.

அம்மா இழுக்கவில்லை. நரம்பு தானாக நகர ஆரம்பிக்கும்வரை காத்திருந்தார். நகர்ந்ததும் உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து ஓங்கி இழுத்தார். கோல் வளைந்தது. மீன் மரத்துக்குள் திரும்பப் பார்த்தது. அம்மா கரையோரமாகப் பக்கவாட்டில் ஓடினார். கரை முடிந்த இடத்தில் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார். தமேய்ன் குடைபோல விரிந்து மிதந்தது. மாமா, நரம்பை விடுங்கள் என்றும் விடாதீர்கள் என்றும் மாற்றி மாற்றிக் கத்தினார். "நீ சும்மா இருடா!" என்று ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி அம்மா ஒரு அதட்டல் போட்டார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மீன் மரத்தை விட்டு விலகியது. வெட்டவெளித் தண்ணீருக்கு வந்தது. ஒருமுறை மேலெழும்பித் தலையை உதறியது. அம்மாவுக்குச் சேற்றில் கால் சறுக்கியது. அப்போது எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த அத்தாவைக் காணோம். கைலியோடு தண்ணீருக்குள் பாய்ந்து, ஒரு கையால் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் ஆழமில்லாத இடத்துக்கு வந்ததும் தோளில் கிடந்த துண்டை விரித்து அதன்மேலேயே விழுந்தார். மீனும் அத்தாவும் சேற்றில் புரண்டார்கள். எழுந்தபோது அத்தாவின் கைகளுக்குள் ஒரு விரால் இருந்தது. வாயோரத்தில் பழுப்பு நிறத் தவளை.

"என் செருப்பு!" என்று அத்தா கத்தினார். பெருமைப்படும்படியாக அவருக்கு உடனே கிடைத்தது அதுதான்.

கடைத் தராசின் தட்டில் வைத்தபோது தலையும் வாலும் இரண்டு பக்கமும் வெளியே தொங்கின. இந்தக் கரையில் நான் பார்த்ததிலேயே இதுதான் பெரிசு என்றார் ஊலே. அத்தா தண்ணீர் சொட்டச் சொட்ட அங்கிருந்தவர்களிடமெல்லாம், "நான்தான் சொன்னேன்ல, அன்னைக்கு மீனுதான்னு? இதான் அது!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாமா மீனின் வாயைத் திறந்து உள்ளே கவனமாகப் பார்த்தார். பொய்மீன் இல்லை. நிமிர்ந்து அம்மாவிடம், "கழண்டு விழுந்திருக்கும் லாத்தா. இதேதான். நான்தான் நம்பல. மன்னிச்சிருங்க" என்றார். குழைவு திரும்பி வந்திருந்தது.

அம்மா தமேய்னின் நுனியைப் பிழிந்துகொண்டே கிட்டே வந்தார். மீனைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தார்.

"இது இல்ல" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"அது இதைவிடப் பெரிசு. முதுகு இன்னும் கறுப்பு." தரையிலிருந்து கையை உயர்த்தி என் நெஞ்சுக்கு நேராக வைத்தார். "நிறுத்தினா இவளுக்கு இங்க வரும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஊலே மெதுவாகத் திரும்பி மரத்தைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார், அத்தாவும் பார்த்தார். அந்தக் கிளைகளுக்கடியில் ஏதோ ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதைப்போல மூன்று பேரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள்.

அம்மாவும் மீனும் இருக்கிற படம் மாமாவின் கைப்பேசியிலிருந்து எந்தெந்தக் கப்பலுக்கெல்லாமோ போயிற்று. மறுநாள் விரால் குழம்பு எங்கள் தெருவின் கயிறுகளில் ஏறி ஒவ்வொரு வீட்டுக்கும் போயிற்று. உங்கள் மரம் எப்படி என்று கேட்ட பெண் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெரியதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கடையில் அத்தா சொல்லும் கதையில் அந்தப் பெரியது வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. மாமா விமானம் ஏறப்போன அன்று கோலையும் ரீலையும் கட்டி வைக்கவில்லை. இங்கேயே இருக்கட்டும் லாத்தா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அந்த ஞாயிறன்று மாவ்பியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில், உலகத்திலேயே கோபமாக இருந்த ஆள் நான்தான். ஜெயித்த ஆட்டத்தை அம்மா கடைசியில் கலைத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. அத்தா ஒப்புக்கொண்டார், மாமா மன்னிப்பே கேட்டுவிட்டார். இன்னும் என்ன வேண்டும்? ஈரத் துணியோடு என்னை மடியில் வைத்திருந்த அம்மாவின் காதருகே போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? அதுதான்னு சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே."

"ஆமா, முடிஞ்சிருக்கும்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற வயல்களைப் பார்த்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

நான் கேட்டது அவர் காதில் சரியாக விழவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.